ஒரு கிளை தெரிகிறது, இன்னொன்று தெரியவில்லை: பல கிளை வைத்திருப்போருக்கான வரைபடப் பிழை நீக்கும் வழிமுறை

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் ஒரு பூசைப் பொருள் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அக்காவுக்கு ஐந்து கிளைகள். லெபோ பாசாரிலும் லெபோ பினாங்கிலும் ஒவ்வொன்று, பாயான் பாருவில் ஒன்று, பெருநிலப் பக்கம் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் ஒவ்வொன்று. "தம்பி, பட்டர்வொர்த்தில் கடை திறந்து எட்டு மாதம் ஆகிறது. கடை வாசலிலேயே நின்று பூமாலை என்று தேடினாலும் வேறு யாரோ வருகிறார்கள். இங்கே தேடினால் மட்டும் முதலில் நிற்கிறோம். ஒரே கடைதானே, ஏன் இப்படி?" என்று கேட்டார்.

ஒரே கடை என்று நினைப்பது நாம்தான். கூகுள் மேப்ஸ் கணக்கில் ஐந்தும் ஐந்து இடங்கள். லெபோ பாசார் கடை பல ஆண்டுகள் நின்று சம்பாதித்த பெயர் தானாகப் பாலம் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குப் போவதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் அதன் முகவரி, எண், நேரம், படம் எல்லாம் தனித்தனியாக, உண்மையாக இருக்க வேண்டும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை கிளைகளைப் பற்றிய செய்திகள் ஒன்றோடொன்று கலந்துபோனதால் வருபவை. பினாங்கில் நான் அடிக்கடி கேட்கும் புகார்களின் வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் புகார் எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

## எதையும் திருத்துவதற்கு முன்னால்

"வரவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. கடைப் பெயரையும் ஊரையும் முழுதாகத் தட்டினாலும் வராதது ஒன்று. பெயரைத் தட்டினால் வருகிறது, ஆனால் பூமாலை, நகைக்கடை, வாழையிலைச் சாப்பாடு என்று பொதுவாகத் தேடினால் வராதது இன்னொன்று. வருகிறது, ஆனால் தவறான இடத்தையோ எண்ணையோ நேரத்தையோ காட்டுவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் நோய்க்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்து, நன்றாக இருந்த பதிவையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரரின் கைப்பேசியை வைத்துச் சோதிக்காதீர்கள். அது நாள் முழுதும் கடையிலேயே இருக்கிறது. அந்தக் கடையையே நூறு முறை தேடியும் இருக்கிறது. கணக்கிலிருந்து வெளியேறி, மறைநிலைச் சாளரத்தில் தேடுங்கள். கடை வாசலில் ஒரு முறை, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு முறை, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு முறை. ஒவ்வொரு இடத்திலும் எத்தனையாவதாக வந்தது என்பதைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். தேடுபவர் நிற்கும் தெரு மாறினாலே வரிசையும் மாறிவிடும், "நாங்கள் எத்தனையாவது இடம்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

வரிசையைத் தீர்மானிப்பவை மூன்று என்று கூகுள் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடைக்கு உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. பணம் கட்டி இந்த வரிசையில் முன்னேற வழியே இல்லை என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். விளம்பரம் வேறு, அதற்கு மேலே விளம்பரம் என்ற அடையாளம் இருக்கும். ஆகவே "மாதம் இவ்வளவு கொடுங்கள், மேப்பில் முதலிடம் உறுதி" என்று யார் தொலைபேசியில் அழைத்தாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

## "பெயரைத் தட்டினாலும் கிளை வரவில்லை"

கூகுளில் கடைப் பதிவுகளை நிர்வகிக்கும் பிசினஸ் புரொஃபைல் கணக்குக்குள் போய் அந்தக் கிளையின் நிலையைப் பாருங்கள். அநேகமாக மூன்றில் ஒன்று இருக்கும்: சரிபார்ப்பு முடியவில்லை, பதிவு இடைநிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது இன்னொரு கிளையின் நகல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

சரிபார்ப்பு முடியவில்லை என்றால், இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். சரிபார்ப்புக் கேட்கும் அந்தத் திரையிலிருந்தே, வெட்டாமல் ஒட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். மூன்று விஷயங்கள் அதில் தெரிய வேண்டும். ஒன்று இடம்: தெருப் பலகை, பக்கத்துக் கடைகள். இரண்டு கடை: பெயர்ப் பலகை, உள்ளே இருக்கும் சரக்கு. மூன்று, அது உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது என்பது: பூட்டைத் திறப்பது, கல்லாவைத் திறப்பது, பணியாளர் மட்டும் போகும் அறைக்குள் நுழைவது.

ஒரு கிளையில் எடுத்த வீடியோ நிராகரிக்கப்பட்டது. காரணம் தெரியாமல் அந்த வீடியோவை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தோம். திறப்பு விழாவுக்குக் கட்டிய தோரணமும் வாழ்த்துத் துணிப் பலகையும் பெயர்ப் பலகையின் பாதியை மூடியிருந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு அது எவ்வளவோ நாளாகப் பழகிப்போன காட்சி. கண்ணில் படவே இல்லை. அவிழ்த்துவிட்டு, எதிர்ச்சாரியில் நின்று தெருப் பலகையில் தொடங்கி, நடந்து சாலையைக் கடந்து, இழுகதவைத் தூக்கி, கல்லாவரை போய் மறுபடி எடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். எனவே படமெடுக்கும் முன் எதிர்ச்சாரியில் போய் நின்று, புதிதாக அந்தத் தெருவுக்கு வந்தவர்போல் கடையைப் பாருங்கள்.

இடைநிறுத்தம் என்றால், மேல்முறையீடு செய்வதற்கு முன்பே ஆவணங்களைத் தயாராக எடுத்து வையுங்கள். மேல்முறையீட்டைச் சமர்ப்பித்த பிறகு ஆதாரங்களை ஏற்றுவதற்கு 60 நிமிடம்தான் கொடுக்கிறார்கள். அப்போது போய் அலமாரியைத் துழாவ நேரம் இருக்காது. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுச் சான்றிதழ், வணிக உரிமம், மின்கட்டண ரசீது ஆகியவை போதும். இங்கே பினாங்குக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தீவுக் கடைகளுக்கு உரிமம் தருவது பினாங்குத் தீவு மாநகர் மன்றம். பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் செபராங் பிறை மாநகர் மன்றம். தலைமைக் கடையின் உரிமத்தைப் பெருநிலக் கிளைக்கு ஆதாரமாக அனுப்பினால் முகவரி ஒத்துப்போகாது, நிராகரிப்பு நிச்சயம். அந்தந்தக் கிளையின் முகவரி அச்சாகியிருக்கும் தாளையே அனுப்புங்கள்.

நகல் என்று குறிக்கப்பட்டிருந்தால், இரண்டு கிளைக்கும் ஒரே தொலைபேசி எண் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெயர் ஒன்று, எண் ஒன்று, இணையதள முகவரி ஒன்று என்று இருந்தால் இரண்டையும் ஒரே கடை என்று எடுத்துக்கொள்வதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கிளைக்கென்று ஓர் எண் வாங்குங்கள்.

## "பெயரைத் தட்டினால் வருகிறது, பொருளைத் தேடினால் வரவில்லை"

அக்காவின் பட்டர்வொர்த் கடைக்கு இருந்தது இந்த நோய்தான். கல்லா மேசையிலேயே மடிக்கணினியை வைத்து, லெபோ பாசார் பதிவையும் பட்டர்வொர்த் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தோம். அவருக்கே விளங்கிவிட்டது.

லெபோ பாசார் பதிவில் முதன்மை வகை பூக்கடை. பட்டர்வொர்த்தில் பரிசுப் பொருள் கடை. யாரோ அவசரத்தில் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். லெபோ பாசாருக்கு நூற்றுக்கணக்கில் படங்கள். பட்டர்வொர்த்துக்கு மூன்று, அதிலும் ஒன்று லெபோ பாசார் கடையின் படம். தொலைபேசி எண் தீவுக் கடையுடையது. இணைய இணைப்பு இரண்டுக்கும் ஒரே முகப்புப் பக்கம். அந்தப் பக்கத்தில் பட்டர்வொர்த் என்ற சொல்லே இல்லை. மதிப்புரைகள் நான்கு.

திருத்திய வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம். முதலில் முதன்மை வகை. ஒரு பதிவுக்கு ஒரு முதன்மை வகையும் அதற்கு மேல் ஒன்பது கூடுதல் வகைகளும் வைக்கலாம். ஒன்பதையும் நிரப்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கடை என்னவோ அதை மட்டும் வையுங்கள். ஒரே நிறுவனத்தின் கிளைகள் எல்லாவற்றுக்கும் அந்த வியாபாரத்தைச் சரியாகச் சொல்லும் வகை ஒன்று பொதுவாக இருக்க வேண்டும் என்பது விதி. பூக்கடையும் பூசைப் பொருளும் இருக்கும் கிளையில் இரண்டையும் சேர்க்கலாம். பூ விற்காத கிளையில் பூக்கடை என்று சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, கிளைக்கென்று இணையதளத்தில் தனிப் பக்கம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஐந்து முறை ஒட்டிய பக்கங்கள் யாருக்கும் உதவுவதில்லை. பட்டர்வொர்த் பக்கத்தில் பட்டர்வொர்த்துக்காரருக்கு வேண்டியதை எழுதினோம்: எந்தக் கட்டடத்துக்கு எதிரே, வண்டியை எங்கே நிறுத்துவது, மாலைக்கு எத்தனை மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் பூ வந்திறங்கும். பிசினஸ் புரொஃபைலில் அந்தக் கிளையின் இணைப்பை இந்தப் பக்கத்துக்கு மாற்றினோம். இணையதளம் செய்து தருபவரிடம் அந்தப் பக்கத்தில் லோக்கல் பிசினஸ் என்ற ஸ்கீமா குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

மூன்றாவது, படம். கடை முகப்பு பகலில் ஒன்று, இரவில் ஒன்று. உள்ளே நின்று வாசலைப் பார்த்து ஒன்று. பிறகு சரக்கு. எல்லாம் அந்தக் கிளையிலேயே எடுத்தவையாக இருக்க வேண்டும்.

கடைசியாக மதிப்புரை, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான்காவது வாரம், கடையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தேடினால் பட்டர்வொர்த் கிளை வரத் தொடங்கியது. புக்கிட் மெர்தாஜாமில் நின்று தேடினால் இன்றும் அந்தக் கிளை வருவதில்லை. வர வேண்டியதும் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு கடை இருக்கிறது. தொலைவில் இருந்துகொண்டு எல்லா ஊரிலும் முன்னே நிற்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 நவம்பர் 30 முதல் டிசம்பர் 8 வரை கூகுள் உள்ளூர் முடிவுகளின் கணக்கீட்டை மாற்றியமைத்தது. அதன் பிறகு தூரத்தின் எடை கூடியதை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் உணர்ந்தோம். பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகத் தெரிவதற்காகப் பாடுபடுங்கள். பாயான் பாருவில் இருப்பவரைப் பாயான் பாருக் கிளை பார்த்துக்கொள்ளும்.

## "இரண்டு கிளையும் பக்கத்தில் பக்கத்தில்; ஒன்று வந்தால் மற்றது மறைகிறது"

லெபோ பாசாருக்கும் லெபோ பினாங்குக்கும் நடந்தால் ஓரிரு நிமிடம். பொதுவாகத் தேடும்போது அக்காவின் இந்த இரண்டு கடைகளில் ஒன்றுதான் வரும். வரைபடத்தை விரலால் பெரிதாக்கினால் மற்றது எட்டிப் பார்க்கும். பெரிதாக்கினால் தெரிகிறது என்பதே இந்த நோயின் அடையாளம். பதிவில் குறை எதுவும் இல்லை. ஒரே மாதிரியான இரண்டு முடிவுகளில் ஒன்றைக் கூகுள் வடிகட்டிவிடுகிறது. 2016 செப்டம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு இது பரவலாகத் தெரியத் தொடங்கியது. இந்தத் துறையினர் அதற்குப் போசம் என்று பெயர் வைத்தார்கள்.

இதற்குக் குறுக்கு வழி தேடாதீர்கள். முதலில் உங்களையே கேளுங்கள்: இவை உண்மையிலேயே இரண்டு கடைகளா? சுவரை உடைத்து அடுத்த வாசலையும் சேர்த்துக்கொண்ட ஒரே கடை என்றால் ஒரே பதிவுதான் வேண்டும். இரண்டும் தனித்தனி வாசல், தனித்தனிக் கல்லா, தனித்தனி ஆட்கள் என்றால், வாடிக்கையாளர் ஏன் அதற்கும் இதற்கும் போகிறார் என்பதைப் பதிவில் காட்டுங்கள். லெபோ பினாங்குக் கடையில் பித்தளை விளக்கும் கோயில் மணியும்தான் அதிகம் விற்கின்றன. படங்களும், விவரமும், பொருள் பட்டியலும் அதைச் சொல்லும்படி மாற்றினோம். பூமாலை என்று தேடினால் இன்றும் ஒன்றுதான் வருகிறது. பித்தளை விளக்கு என்று தேடினால் லெபோ பினாங்குக் கடை வருகிறது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

## "வாடிக்கையாளர் வேறு தெருவுக்குப் போய்விடுகிறார்"

இந்தப் பகுதியை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் பினாங்கில் நான் பார்க்கும் இழப்புகளில் பாதி இங்கேதான்.

ஜார்ஜ்டவுனில் ஜாலான் பினாங்கு ஒன்று, லெபோ பினாங்கு இன்னொன்று. முன்னது சௌராஸ்தா சந்தை இருக்கும் பெரிய சாலை. பின்னது லிட்டில் இந்தியாவுக்குள் இருக்கும் தெரு. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் விடியற்காலை மாலை எடுக்க வந்து, சந்தை முன்னால் நின்றுகொண்டு "கடையைக் காணோமே" என்று கூப்பிட்டார். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடைப் பையன் ஈரத் துணி சுற்றிய மாலைகளை மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டு ஓடினான். யாரோ பதிவில் தெருவின் பெயரைப் பினாங்கு ரோடு என்று, அதாவது ஜாலான் பினாங்கின் ஆங்கிலப் பெயரில், போட்டிருந்தார்கள். இரண்டு தெருவுக்கும் ஆங்கிலப் பெயர், மலாய்ப் பெயர், வீட்டில் சொல்லும் பெயர் என்று பல இருப்பதால், எழுதியவருக்கு அது தவறாகவே தெரியவில்லை.

இதேபோல் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியை இன்றும் எல்லாரும் கிரீன் லேன் என்றுதான் சொல்கிறார்கள். ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கிறது. கோலாலம்பூரிலும் இருக்கிறது, 2014இல் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இரண்டு ஊரிலும் கிளை வைத்திருப்பவர் அஞ்சல் குறியீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை இவை:

1. முகவரியை உரிமத்தில் இருப்பதுபோல் எழுதுங்கள்: கடை எண், தளம், கட்டடம், சாலையின் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர், அஞ்சல் குறியீடு, ஊர். பழைய பெயரை விவரப் பகுதியில் "கிரீன் லேன் என்று அழைக்கப்படும் சாலையில்" என்று சேர்க்கலாம். அந்தப் பகுதியில் 750 எழுத்துகளுக்கு இடம் இருக்கிறது.

2. வரைபடத்தின் சிவப்புக் குறியைக் கையால் இழுத்து வாசலில் வையுங்கள். கடைவீடுகளுக்குப் பின்சந்து உண்டு. குறி கூரையின் நடுவில் இருந்தால் சில வண்டிகளுக்குப் பின்சந்து வழி காட்டிவிடும்.

3. மாடியில் இருக்கும் கிளை என்றால் தளத்தை எழுதுவதோடு, படிக்கட்டு வாசலின் படத்தையும் போடுங்கள். டியூஷன் மையங்களுக்கும் தையற்கடைகளுக்கும் இது மிகவும் உதவும்.

4. இதே சோதனையை வழிகாட்டிச் செயலிகளான வேஸ், ஆப்பிள் மேப்ஸ், வாடகை வண்டிச் செயலியான கிராப் மூன்றிலும் செய்யுங்கள். வேஸ் 2013 முதல் கூகுளுக்குச் சொந்தம்தான். ஆனாலும் அதன் வரைபடம் தனி. நம் ஊரில் வண்டி ஓட்டுபவர்கள் திறப்பது வேஸைத்தான். ஆப்பிள் மேப்ஸுக்கு ஆப்பிளின் வணிகப் பதிவுச் சேவை வழியாகக் கிளைகளைப் பதிவு செய்யலாம்.

5. யாரையாவது, அந்தக் கடைக்கு வந்தே இராத ஒருவரை, வரைபடத்தை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கினார் என்று கேளுங்கள்.

கடல் குறுக்கே இருப்பதையும் மனத்தில் வையுங்கள். ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் நிற்பவருக்குப் பட்டர்வொர்த் கண்ணெதிரே இருக்கிறது. கரையோரம் நின்று தேடும்போது எதிர்க்கரைக் கடை முடிவில் வருவதைப் பார்த்திருக்கிறேன். காரில் போக வேண்டுமானால் முதல் பாலம் மட்டுமே 13.5 கிலோமீட்டர். அப்படி வருபவர் ஏமாறாதபடி, பெருநிலக் கிளையின் விவரத்தில் முதல் வரியிலேயே பெருநிலம் என்று எழுதுங்கள்.

## "பெயரில் ஊரைச் சேர்த்தோம், பதிவு போய்விட்டது"

பதிவின் பெயர் பெயர்ப் பலகையில் இருக்கும் பெயர். அவ்வளவுதான். செண்டிரியான் பெர்ஹாட் என்ற நிறுவன வால் பலகையில் இல்லையென்றால் பதிவிலும் வேண்டாம். "மலிவு விலை", "பினாங்கில் சிறந்த" போன்றவையும் வேண்டாம். எல்லாக் கிளைக்கும் ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து; ஊரைச் சொல்வது முகவரியின் வேலை. நம் பலகைகளில் மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஒரு கிளைக்கு மலாய்ப் பெயரும் இன்னொன்றுக்கு ஆங்கிலப் பெயரும் போட்டுக் குழப்பாமல், ஒன்றைத் தேர்ந்து ஐந்துக்கும் அதையே வையுங்கள்.

போட்டிக் கடை பெயரில் சொற்களைத் திணித்து முன்னே நிற்கிறது என்றால், அதே வழியில் நீங்களும் இறங்க வேண்டாம். அந்தக் கடையின் பதிவில் திருத்தம் பரிந்துரைக்கும் வசதி உண்டு; பலகையின் படத்தோடு பரிந்துரையுங்கள்.

## "மூடிய பழைய கடைதான் இன்னும் வருகிறது"

அதே கடை இடம் மாறியது என்றால், இருக்கும் பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள். புதிதாக ஒன்று தொடங்காதீர்கள். தொடங்கினால் பல ஆண்டு மதிப்புரைகள் பழைய முகவரியிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றால் உதவிப் பிரிவிடம் இரண்டையும் இணைக்கக் கேளுங்கள். கிளையையே மூடிவிட்டீர்கள் என்றால் நிரந்தரமாக மூடப்பட்டது என்று குறியுங்கள். கணக்கிலிருந்து நீக்குவது வரைபடத்திலிருந்து நீக்குவது ஆகாது. நீக்கிய பிறகு அந்தப் பதிவு யார் பொறுப்பும் இல்லாமல் அங்கேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்வார்கள்.

## "கடை திறந்திருக்கும்போது மூடியிருக்கிறது என்கிறது"

தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும், லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும் புறப்படும். லிட்டில் இந்தியாப் பூக்கடைகளுக்கு அன்று தூக்கமே கிடையாது. வரைபடத்திலோ வழக்கமான நேரமே நிற்கும்: இரவு ஒன்பதுக்கு மூடியாயிற்று என்று. பதிவில் சிறப்பு நேரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு மட்டும் 24 மணி நேரம் என்று வைக்கலாம். வழக்கமான நேரத்தைத் தொடாதீர்கள், பிறகு திருப்பி மாற்ற மறந்துவிடுவீர்கள். தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் எல்லாவற்றுக்கும் ஜனவரியிலேயே உட்கார்ந்து கிளைவாரியாகப் போட்டுவிடலாம். ரதம் போகும் தெருவில் இருக்கும் கிளையும் பாயான் பாருக் கிளையும் அன்று ஒரே நேரம் வைக்க மாட்டா. ஒன்றில் போட்டதை மற்றதற்கு நகல் எடுக்காதீர்கள். தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பது வரிசையையும் பாதிக்கிறது என்று 2023 இறுதியில் கூகுள் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காகத் திறக்காத கடையை 24 மணி நேரம் என்று போடுவது, நள்ளிரவில் ஒருவரைப் பூட்டிய கதவு முன் நிற்க வைப்பது. அதைச் செய்யாதீர்கள்.

## "ஒரு கிளைக்கு எழுத வேண்டிய மதிப்புரை இன்னொன்றில் விழுகிறது"

மதிப்புரைகளை ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்கு நம் விருப்பப்படி மாற்ற முடியாது. எழுதும் இடத்திலேயே சரியாக விழச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் மதிப்புரை கேட்கும் இணைப்பு தனித்தனியாக உண்டு. அதைக் கியூஆர் குறியீடாக அச்சிட்டு அந்தந்தக் கிளையின் கல்லாவில் ஒட்டுங்கள். குறியீட்டுக்குக் கீழே கிளையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் அச்சடித்துப் பிரித்துக் கொடுத்ததில், பாயான் பாரு அட்டை புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய், மூன்று மாதம் அங்கே வாங்கிய பாராட்டெல்லாம் தீவில் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டியதும் உங்கள் கைப்பேசியால் ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

மதிப்புரைக்குத் தள்ளுபடியோ இலவசப் பூச்சரமோ கொடுக்கக் கூடாது, விதிக்கு எதிரானது. வந்ததற்குப் பதில் எழுதுங்கள், அந்தக் கிளையில் நிற்பவரே எழுதினால் இன்னும் நல்லது. தமிழில் எழுதியவருக்குத் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.

## "கடை இல்லாத ஊரிலும் எங்களைக் காட்ட வேண்டும்"

கல்யாணச் சமையல், மணவறை அலங்காரம் செய்பவர்கள் இதைக் கேட்கிறார்கள். நண்பர் வீட்டு முகவரியில் ஒரு கிளை என்று பதிவு செய்வது இடைநிறுத்தத்துக்கு நேர்வழி. நீங்கள் வாடிக்கையாளர் இடத்துக்குப் போய் வேலை செய்பவர் என்றால், சேவைப் பகுதிகள் என்று 20 இடங்கள்வரை குறிக்கலாம். அதனால் அந்த ஊர்த் தேடலில் முன்னே வந்துவிடுவீர்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்; கணக்கில் எடுப்பது உங்கள் உண்மையான இடத்தைத்தான். அந்த ஊரில் செய்த வேலைகளின் படங்களோடு இணையதளத்தில் ஒரு பக்கம் வைப்பது அதைவிடப் பலன் தரும்.

## "பழைய ஆள் கடவுச்சொல்லைத் தரமாட்டேன் என்கிறார்"

பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் கொடுத்து, பிறகு மனக்கசப்பு வந்து, ஐந்து கிளையின் உரிமையும் அவர் கணக்கிலேயே மாட்டிக்கொண்ட கதைகள் ஏராளம். பதிவின் பக்கத்திலேயே உரிமை கோரும் வழி இருக்கிறது. இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம். அவர் பதில் சொல்லாவிட்டால், சரிபார்ப்பு வழியாக நீங்களே உரிமையைப் பெற வாய்ப்புக் கிடைக்கலாம். இனிமேல் முதன்மை உரிமை முதலாளியின் கணக்கில் இருக்கட்டும். வெளியாருக்கு மேலாளர் அனுமதி போதும்.

## "ஒரே தாளில் எல்லாக் கிளையையும் ஏற்றினோம், எல்லாம் குழம்பிவிட்டது"

பத்து கிளையோ அதற்கு மேலோ இருந்தால் மொத்தமாகச் சரிபார்ப்புக் கேட்கலாம். விரிதாளில் எல்லாவற்றையும் ஒரே முறையில் ஏற்றலாம். ஒவ்வொரு வரிசைக்கும் கடைக் குறியீடு ஒன்று கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்ததை மாற்றாதீர்கள். கூகுள் அதை வைத்துத்தான் எந்த வரி எந்தக் கிளை என்று அறிகிறது.

பினாங்கிலிருந்து வடக்கே விரிபவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் அஞ்சல் குறியீடுகள் 1இல் தொடங்குபவை. கெடாவில் 0இல் தொடங்கும். சுங்கை பட்டாணி 08000, அலோர் ஸ்டார் 05000. எக்செல் அந்த முன்பூச்சியத்தைச் சத்தமில்லாமல் விழுங்கி 8000, 5000 ஆக்கிவிடும். 04 என்று தொடங்கும் தொலைபேசி எண்களுக்கும் இதே கதி. தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்து, எண் வடிவத்திலிருந்து எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். தொலைபேசியை +60 4 என்று தொடங்கி எழுதுங்கள். ஏற்றுவதற்கு முன் கோப்பை மூடி மீண்டும் திறந்து, சுங்கை பட்டாணி வரியில் ஐந்து இலக்கம் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள்.